விழுந்துகொண்டே இருந்த சுவிட்சு: சுங்கை சிப்புட் வீடொன்றில் இடி செய்ததும் நாம் செய்ததும்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் நகரை ஒட்டிய தாமான் (குடியிருப்பு) ஒன்றில், அக்டோபர் மாத மாலையில் விழுந்த ஓர் இடியோடு ஒரு வீட்டின் குளிர்பெட்டி, வாசல் கேட்டின் மோட்டார், குளியலறை ஹீட்டர், இணையப் பெட்டி, மூன்று விளக்குகள், 1950களில் செய்யப்பட்ட ஒரு வால்வு ரேடியோ ஆகிய அத்தனையும் கெட்டுப்போயின. அதே காற்றில் சமையலறைக் கூரையின் இரண்டு தகரங்கள் பறந்து பின்சந்தில் விழுந்தன. மறுநாள் காலை அந்த வீட்டுக்குப் போன வயர்மேன் நான். அங்கே கண்டதையும் அளந்ததையும் சரிசெய்ததையும் வீட்டுக்காரர்களின் சம்மதத்தோடு எழுதுகிறேன். அவர்கள் பெயரை எழுதவில்லை. பெயர்களை மாற்றினால் எங்கள் ஊரில் நூறு வீடுகளுக்கு இந்தக் கதை பொருந்தும். அதனால்தான் எழுதுகிறேன்.

வீட்டுக்காரர் செம்பனைத் தோட்டத்தில் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் மனைவி இளம் வயதில் பால்மரம் சீவினார், பிறகு தோட்டத்து ஆயக்கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார். லயத்து வீட்டிலிருந்து வெளியேறி, வங்கிக் கடன் எடுத்து வாங்கிய மலிவு விலை வரிசை வீடு அது. வரிசையின் ஓரத்து வீடு என்பதால் பக்கத்தில் கொஞ்சம் நிலம் இருக்கிறது, ஒரு ரம்புத்தான் மரமும் நிற்கிறது. பல ஆண்டுகளுக்குமுன் சமையலறையைப் பின்பக்கம் நீட்டிக் கட்டித் தகரம் போட்டிருக்கிறார்கள்.

நானும் தோட்டத்தில் பிறந்தவன்தான். எங்கள் தோட்டத்தில் மாலை ஆறரைக்கு ஜெனரேட்டரை முடுக்குவார்கள், இரவு பத்துக்கு நிறுத்திவிடுவார்கள். விளக்கு எரியவில்லை என்றால் தோட்டத்து எழுத்தரான கிராணியிடம் சொல்லிவிட்டுக் காத்திருப்போம். கம்பி யாருடையது, கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் எர்த் எங்கே புதைந்திருக்கிறது என்று கேட்க வேண்டிய தேவையே எங்களுக்கு வந்ததில்லை. சொந்த வீடு வாங்கியபோது சாவியைக் கொடுத்தார்கள், கடன் புத்தகத்தைக் கொடுத்தார்கள். மீட்டர் வரைக்கும்தான் மின்சார நிறுவனமான தெனாகா நேஷனலின் பொறுப்பு, அதற்கு இப்பால் உள்ள ஒவ்வொரு முடிச்சும் வீட்டுக்காரருடையது என்பதை யாரும் உட்கார்ந்து சொல்லித் தரவில்லை. இந்த வீட்டில் நடந்ததற்கு வேர் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ரேடியோவைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் மறுநாள் எல்லோரும் அதன்மேல்தான் பழி போட்டார்கள்.

வீட்டுக்கார ஐயாவுக்குப் பழைய வால்வு ரேடியோக்களைச் சீர்செய்வது உயிர். தோட்டத்தில் சிறுவனாக இருந்தபோது கங்காணி வீட்டுத் திண்ணையில் இலங்கை வானொலியைச் சிற்றலையில் கேட்டு வளர்ந்தவர். இப்போது சிற்றலையில் தமிழ் அரிதாகிவிட்டது. ஆனாலும் இரவு எட்டு மணிக்குமேல் குமிழைத் திருகி, எங்கோ ஒரு நாட்டின் குரல் இரைச்சலுக்குள்ளிருந்து எழுந்து வருவதைக் கேட்பதில் அவருக்கு ஒரு நிறைவு. முன்னறையின் மூலையில் நான்கு பெட்டிகள் வைத்திருந்தார். அவற்றுள் மூத்தது தேக்கு நிறப் பெட்டியில் இருந்த ஃபிலிப்ஸ். அதன் முகப்பில் மாயக்கண் என்ற சிறு வால்வு உண்டு. நிலையம் சரியாகப் பிடிபடும்போது அதன் பச்சை ஒளியின் இரு இறகுகளும் ஒன்றையொன்று நெருங்கி மூடிக்கொள்ளும். அதைப் பார்க்கவே பேரப்பிள்ளைகள் அவர் மடியில் ஏறுவார்களாம்.

இந்தப் பெட்டிகளுக்குப் பின்பக்கம் இரண்டு துளைகள் இருக்கும், ஒன்று ஏரியலுக்கு, இன்னொன்று எர்த்துக்கு. ஐயா இரண்டையும் முறையாகச் செய்திருந்தார். கூரை விளிம்பிலிருந்து ரம்புத்தான் மரம் வரை சுமார் 20 மீட்டர் செப்புக் கம்பியைப் பீங்கான் முட்டுகளில் இழுத்துக் கட்டியிருந்தார். மரத்தடியில் ஐந்தடி எர்த்துக் கோல் ஒன்றை அடித்து, அதிலிருந்து தடித்த கம்பியை ரேடியோவுக்குக் கொண்டுவந்திருந்தார். வேலை சுத்தமாக இருந்தது, என் கையால் செய்ததுபோல.

அன்று மாலை நடந்ததை இருவரும் தனித்தனியாகச் சொன்னார்கள். நான்கரை மணிக்குக் கிழக்கே மலைப்பக்கம் கருத்தது. மேற்குக் கரை ஊர்களில் இரு பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகல் இடிமழை அன்றாடச் செய்தி. கடற்காற்று உள்ளே வந்து மலைச்சரிவில் ஏறும் இடங்களில் அது இன்னும் கடுமையாக இருக்கும். ஐயா தொலைக்காட்சியின் பிளக்கைப் பிடுங்கினார். ரேடியோவுக்குச் சுவரில் இருந்த சுவிட்சை மட்டும் அணைத்தார். அம்மா பின்பக்கக் கொடியிலிருந்த துணியை எடுக்கப் போனார். முதலில் காற்று வந்தது, சமையலறைத் தகரம் படபடவென்று அடித்தது, பிறகு ஒரு பக்கம் எழும்பி மறைந்தது. மழை நேராக அடுப்பின்மேல் பெய்தது. சில நிமிடங்களில் அந்த இடி.

அம்மாவிடம் நான் கேட்டேன்: "மின்னலுக்கும் சத்தத்துக்கும் நடுவில் ஒன்று, இரண்டு என்று எண்ணுகிற அளவுக்கு நேரம் இருந்ததா அம்மா?"

"இல்லை தம்பி. வெளிச்சமும் சத்தமும் ஒன்றாகத்தான் வந்தன. முன்னறை மூலையில் நீலமாக ஒரு பொறி பறந்தது. கம்பி கருகின வாடை வந்தது."

ஒலி ஒரு கிலோமீட்டர் வருவதற்கு ஏறத்தாழ 3 விநாடி ஆகும். இடைவெளியே இல்லை என்றால் மிக அருகில் விழுந்திருக்கிறது. மறுநாள் பின்சந்துக்கு அப்பால் இருந்த தென்னையைப் பார்த்தேன். குருத்து கருகித் தொங்கியது, தண்டில் மேலிருந்து கீழாக ஒரு பிளவு. ரம்புத்தான் மரத்திலிருந்து அடி போட்டு அளந்தால் ஐம்பது மீட்டர்.

நான் போனபோது அண்டை வீட்டார் ஐந்தாறு பேர் முன்வாசலில் இருந்தார்கள். முடிவு ஏற்கெனவே செய்யப்பட்டிருந்தது: ஏரியல் கம்பிதான் இடியை வீட்டுக்குள் இழுத்தது. அம்மாவும் அதையே நம்பினார். ஐயா ஒன்றும் பேசவில்லை. கருகிய பெட்டியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஏரியலை நானும்தான் முதலில் சந்தேகித்தேன். ஏணி வைத்து ஏறிக் கம்பியை முழுதும் கையால் தடவிப் பார்த்தேன். நேரடியாக மின்னல் பாய்ந்திருந்தால் அந்த மெல்லிய கம்பி உருகித் துண்டு துண்டாகியிருக்க வேண்டும், முட்டுகள் வெடித்திருக்க வேண்டும். கம்பி முழுசாக இருந்தது. முட்டுகளில் ஒரு கீறல்கூட இல்லை. மரத்தின் பட்டையிலும் அடையாளம் இல்லை. அருகில் விழுந்த மின்னல் கம்பியில் ஓரளவு மின்னழுத்தத்தைத் தூண்டியிருக்கும், ரேடியோவின் ஏரியல் சுருள் கருகியதற்கு அது காரணமாக இருக்கலாம். அந்தச் சுருளின் கம்பி தலைமயிர் பருமன்தான். குளிர்பெட்டியும் ஹீட்டரும் கேட் மோட்டாரும் போனதற்கு அது போதாது.

இரண்டாவது சந்தேகம் நியூட்ரல், அதாவது மின்னோட்டம் திரும்பிப் போகும் கம்பி. புயலில் தெருக் கம்பத்தின் நியூட்ரல் அறுந்தால், மூன்று கட்டங்களில் (ஃபேஸ்) பகிர்ந்து கொடுக்கப்பட்டிருக்கும் வீடுகளில் 230 வோல்ட்டுக்குப் பதில் 400 வோல்ட்டை நெருங்கும் அளவுக்கு ஏறிவிடும். சில நிமிடங்களில் வீட்டிலுள்ள கருவிகளெல்லாம் போய்விடும். மீட்டரில் அளந்தேன்: 238 வோல்ட், அசையாமல் நின்றது. இரு பக்கத்து வீடுகளிலும் குளிர்பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டில் கேட் மோட்டார் மட்டும் போயிருந்தது. ஆகவே நியூட்ரல் அறுபடவில்லை. புயலுக்குப் பிறகு விளக்குகள் சில கூடுதலாகவும் சில மங்கலாகவும் எரிந்தால் உடனே மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு 15454 எண்ணுக்கு அழைக்க வேண்டும். அறுந்து கிடக்கும் கம்பிக்கும் அதே எண்தான், பக்கத்தில் போகக் கூடாது.

அதன்பிறகுதான் மெயின் சுவிட்சுப் பெட்டியைத் திறந்தேன்.

மலேசிய வீடுகளில் ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனி எர்த்துக் கோல். தெனாகாவின் கம்பத்திலிருந்து லைனும் நியூட்ரலும் மட்டும் வருகின்றன, எர்த் வருவதில்லை. இதைப் பலர் அறியாமல் இருக்கிறார்கள். இந்த முறையில் எம்சிபி, அதாவது மின்னோட்டம் அளவு மீறினால் விழும் சிறு சுவிட்சு, மட்டும் உயிரைக் காப்பாற்றாது. கணக்கைப் பாருங்கள்: நல்ல எர்த்துக் கோலின் தடை 10 ஓம் என்று வைத்துக்கொள்வோம். ஹீட்டரின் உடலில் லைன் பட்டுவிட்டால் 230ஐ 10ஆல் வகுக்க 23 ஆம்பியர் ஓடும். ஹீட்டருக்கு இருப்பது 20 ஆம்பியர் எம்சிபி. அது உடனே விழ வேண்டுமானால் அதைப்போலப் பல மடங்கு மின்னோட்டம் வேண்டும். 23 ஆம்பியரை அது நெடுநேரம் பொறுத்துக்கொள்ளும். அதுவரை குழாயைத் தொடுகிறவரின் கதி என்ன?

அதற்காகத்தான் ஆர்சிசிபி. ஊரில் பழைய பெயரால் ஈஎல்சிபி என்பார்கள், 'மெயின் விழுகிறது' என்று சொல்வது இதைத்தான். லைனில் போன மின்னோட்டம் நியூட்ரலில் முழுதாகத் திரும்பி வருகிறதா என்று அது ஓயாமல் எடைபோட்டுக்கொண்டிருக்கும். கொஞ்சம் குறைந்தாலும் எங்கோ கசிகிறது என்று பொருள், துண்டித்துவிடும். 1994ஆம் ஆண்டு மின்சார ஒழுங்குமுறை விதிகள் இதன் அளவுகளைச் சொல்கின்றன: பொதுவாக 100 மில்லி ஆம்பியர், கையில் பிடித்துப் பயன்படுத்தும் கருவிகளுக்கு 30, குளியலறை போன்ற ஈரமான இடங்களுக்கு 10. உடம்பில் 10 மில்லி ஆம்பியர் ஓடினாலே பிடித்த கையை விட முடியாமல் தசை இறுகிக்கொள்ளும். அந்தப் பத்துக்கு இந்தப் பத்துதான் பதில்.

இந்த வீட்டின் ஆர்சிசிபி நெம்புகோல் மேலே நிமிர்ந்து நின்றது. சோதனைப் பொத்தானை அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு முறை அழுத்தினேன், கட்டைவிரல் நகம் வெளுக்கும்வரை. அசையவில்லை. மெயினை இறக்கிவிட்டு முகப்புத் தகட்டைக் கழற்றினேன். மேலிருந்து வந்த கறுப்புக் கம்பியும் சிவப்புக் கம்பியும் ஆர்சிசிபிக்குள் போகவே இல்லை. பக்கவாட்டில் வளைத்து, நேராக எம்சிபி வரிசைக்குக் கொண்டுபோய் முறுக்கி, கறுப்பு ஒட்டுநாடா சுற்றியிருந்தார்கள். நாடாவின் ஓரம் சூட்டில் சுருண்டு பிசின் வழிந்திருந்தது. ஆர்சிசிபி ஒரு கம்பியும் இல்லாமல் பெட்டிக்குள் வெறும் பொம்மையாக நின்றது.

அதைப் பார்த்ததும் எனக்குக் கை நடுங்கியது. முப்பது ஆண்டுகளாக இந்த வேலை செய்கிறேன், இந்தச் சுற்றுவழியை எத்தனையோ வீடுகளில் கண்டிருக்கிறேன், இன்னும் பழகவில்லை. இருவரையும் உட்காரவைத்துக் கேட்டேன்.

"மழை பெய்தால் விழும் தம்பி," என்றார் ஐயா. "இரண்டு வருடத் தொல்லை. நோன்புப் பெருநாள் விடுமுறைக்கு மகன் வீட்டுக்குப் போய்விட்டு வந்தால், குளிர்பெட்டியில் இருந்த மீனெல்லாம் அழுகிக் கிடந்தது. தெரிந்தவர் ஒருவர் வந்து பத்தே நிமிடத்தில் சரிசெய்துவிட்டார். அதற்குப் பிறகு ஒரு தடவைகூட விழவில்லை."

"உங்களுக்கு எங்கேயாவது ஷாக் அடித்ததா?"

ஐயா இல்லை என்று தலையசைத்தார். அம்மா தயங்கினார். "துணி துவைக்கிற மெஷினைத் தொட்டால் சுருக்கென்று இருக்கும். எறும்பு கடித்ததுபோல. அதனால்தான் கீழே ரப்பர் பாய் போட்டு, செருப்பு மாட்டிக்கொண்டு துவைக்கிறேன். வேலை முடிந்தால் பிளக்கைப் பிடுங்கிவிடுவேன்."

அந்த எறும்புக் கடி எனக்கு எல்லாவற்றையும் சொன்னது. இக்காலத்து மெஷின்களுக்குள் இரைச்சலை வடிகட்டும் சிறு மின்தேக்கிகள் லைனிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் உடலுக்குக் கட்டப்பட்டிருக்கும். எர்த் ஒழுங்காக இருந்தால் அந்தச் சிறு கசிவு மண்ணுக்குப் போய்விடும். எர்த் அறுந்திருந்தால் மெஷினின் உடல் பாதி மின்னழுத்தத்தில், ஏறத்தாழ 115 வோல்ட்டில், மிதக்கும். மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் சுருக்கென்பதோடு நிற்கும். ஆக, வீட்டின் எர்த் எங்கோ அறுந்திருக்கிறது.

தேடுவதற்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. பச்சைக் கம்பி பழைய பின்சுவர் வழியாக இறங்கி, நீட்டிக் கட்டிய சமையலறைத் தரைக்குள் மறைந்தது. கட்டியவர்கள் எர்த்துக் கோலின் குழிமேல் அப்படியே சிமெண்ட் போட்டுப் பூசி, தரை ஓடும் பதித்துவிட்டார்கள். அந்தத் தரை ஓட்டை உடைத்து எடுத்தபோது கோலின் தலையில் கவ்வி இருந்த இடத்தில் பச்சையும் பழுப்புமாய்ப் பொடி. கம்பியை இரண்டு விரலால் பிடித்து இழுத்தேன், சத்தமே இல்லாமல் கையோடு வந்தது. எத்தனை ஆண்டுகளாக அப்படி இருந்ததோ.

மரத்தடியில் ஐயா அடித்திருந்த ரேடியோ எர்த்தை அளந்தேன்: 38 ஓம். முந்தைய நாள் மழையில் மண் நனைந்திருந்ததால் இவ்வளவு குறைவு, ஜனவரி, பிப்ரவரி வறட்சியில் அளந்தால் இன்னும் கூடும். எப்படியிருந்தாலும் அந்த வீட்டில் உயிரோடு இருந்த ஒரே எர்த் அதுதான்.

இப்போது அந்த இடிக்கு வருவோம். மின்னல் தென்னையில் இறங்கியதும் மின்னோட்டம் மண்ணில் எல்லாப் பக்கமும் பரவுகிறது. விழுந்த இடத்தில் மண்ணின் மின்னழுத்தம் மிக அதிகம், தூரம் போகப் போகக் குறையும். மின்னலின் உச்சம் 30,000 ஆம்பியர் என்றும், மண்ணின் தன்தடை 200 ஓம்-மீட்டர் என்றும் எடுத்துக்கொண்டால், 50 மீட்டர் தூரத்தில் மண் சுமார் 19,000 வோல்ட்டுக்கு எழும்பும். 300 மீட்டர் தூரத்தில் சுமார் 3,200 வோல்ட்தான். கரடுமுரடான கணக்குதான், எல்லா இடத்திலும் மண் ஒரே சீராக இருப்பதாக நினைத்துப் போட்டது. ஆனால் நடந்ததன் வடிவத்தைச் சரியாகக் காட்டும்.

வீட்டுக்கு வரும் நியூட்ரல் தெருமுனைக்கு அப்பால் உள்ள மின்மாற்றி நிலையத்தில் எர்த் செய்யப்பட்டது, தூரத்து மண்ணின் அழுத்தத்தில் இருப்பது. ஐயாவின் எர்த்துக் கோலோ தென்னையிலிருந்து ஐம்பது மீட்டரில், எழும்பிய மண்ணில் நிற்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு நொடியின் மிகச் சிறு பகுதிக்குப் பத்தாயிரத்தைத் தாண்டிய வோல்ட் வேறுபாடு. அந்த இரண்டும் சந்திக்கும் ஒரே இடம் முன்னறை மூலையில் இருந்த ரேடியோ. மின்னோட்டம் எர்த்துக் கோலிலிருந்து கம்பி வழியாக அதன் இரும்புச் சட்டத்துக்கு வந்து, ரேடியோவுக்குள் இருந்த மின்மாற்றியின் காகித உறையைத் துளைத்து, வீட்டு ஒயரிங்குக்குள் பாய்ந்தது. சுவர் சுவிட்சு அணைத்திருந்தது உண்மை. அதன் உள்ளிடைவெளி சில மில்லிமீட்டர்தான், அதுவும் ஒரு கம்பியை மட்டும் துண்டிப்பது, நியூட்ரல் எப்போதும் இணைந்தே இருக்கும். ஒயரிங்குக்குள் வந்த எழுச்சி குளிர்பெட்டியின் மின்னணுப் பலகையையும் ஹீட்டரையும் மற்றவற்றையும் தாக்கியது. பிளக் பிடுங்கியிருந்த தொலைக்காட்சியும் துவைக்கும் மெஷினும் தப்பின. அம்மாவின் பயம் ஒரு மெஷினைக் காப்பாற்றியது.

கேட் மோட்டாரை மட்டும் இந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை. நீளமான கம்பி தரைக்குள் ஓடுவதால் அது எந்த வீட்டிலும் முதலில் போகும். எதிர்வீட்டிலும் போனதே.

ஹீட்டரைப் பிரித்தேன். சூடேற்றும் கம்பியின் உறை வெடித்து, லைன் நேராக அதன் உலோக உறையைத் தொட்டுக்கொண்டிருந்தது. எர்த் இல்லை, ஆர்சிசிபி இல்லை. அன்று இரவு மின்சாரம் வந்ததும் யாராவது வெந்நீரில் குளித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் அவர்களிடம் நேராகவே சொன்னேன். கூரை பறந்த அமளியில் அன்று யாரும் குளிக்கவில்லை. அம்மா பேரனைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்துக்கொண்டார்.

மிச்சமிருந்தது ஒரு கேள்வி: இரண்டு ஆண்டுகளாக மழைக்கு மழை சுவிட்சு ஏன் விழுந்தது? அதன் விடை கூரையில் இருந்தது. சமையலறைத் தகரத்தை ஆணியால் அடித்திருந்தார்கள். வெயிலிலும் மழையிலும் மரச்சட்டம் சுருங்கி விரிய ஆணிகள் மெல்ல மேலே எழும்பும், ரப்பர் வளையம் வெடிக்கும். அப்படி எழும்பிய ஓர் ஆணித் துளை வழியாக வடிந்த நீர், கூரைத்தட்டில் மூடியில்லாமல் விட்டிருந்த ஒரு விளக்கு முடிச்சின்மேல் சொட்டியிருக்கிறது. முடிச்சைச் சுற்றிப் பலகையில் வட்ட வட்டமாகப் பழைய நீர்க்கறை, ஆண்டு வளையம்போல. அந்தச் சுற்றை, கம்பியுறையின் தடையை அளக்கும் 500 வோல்ட் மெக்கரில் சோதித்தேன். குறைந்தது 1 மெகா ஓம் இருக்க வேண்டும், 0.03 காட்டியது. அந்தச் சுவிட்சு ஒவ்வொரு மழைக்கும் விழுந்து, இந்த வீட்டில் ஒழுகுகிறது, கசிகிறது என்று இரண்டு ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. எழும்பிய அந்த ஆணிகள்தான் காற்றுக்குத் தகரத்தையும் கொடுத்தன. கூரையின் விளிம்பிலும் மூலையிலும்தான் காற்றின் உறிஞ்சல் அதிகம். அங்கே பிடி தளர்ந்தால் ஒரு தகரம் எழும்பும், அது அடுத்ததைத் தூக்கும்.

சரிசெய்த வேலைகளுக்கு நான்கு நாள் ஆயிற்று. கூரைக்காரர் ஆணிக்குப் பதிலாக ரப்பர் வளையத்தோடு கூடிய திருகாணிகளைத் தகரத்தின் மேட்டில் போட்டார், விளிம்புகளில் நெருக்கமாக. மேட்டில் போட்டால் நீர் தங்காது. வீட்டின் முன்பகுதிக் கூரை பழைய ஆஸ்பெஸ்டாஸ் தகடு, அதில் ஒரு மூலையில் விரிசல் விட்டிருந்தது. அதை உடைக்கவோ துளையிடவோ வேண்டாம் என்று தடுத்தேன். காய்ந்த தூசி நுரையீரலுக்கு ஆபத்து. நனைத்து, முகக்கவசம் போட்டு, அறிந்தவர்கள் முழுத் தகடாகக் கழற்ற வேண்டும், அதுவரை தொடாமல் இருப்பதே நல்லது.

என் பங்குக்கு, புதிய எர்த்துக் கோல்கள் இரண்டை வெளிப்பக்கம் அடித்து, ஒன்றோடொன்று இணைத்து, மூடி திறந்து பார்க்கக்கூடிய குழியும் கட்டினேன். 9 ஓம் வந்தது. புதிய ஆர்சிசிபியும், குளியலறைக்குத் தனியாக 10 மில்லி ஆம்பியரும் போட்டேன். பெட்டிக்குள் மின்னெழுச்சிக் காப்பான் ஒன்றையும் வைத்தேன். எழுச்சி வரும் கணத்தில் அது லைனையும் நியூட்ரலையும் எர்த்தோடு ஒன்றாகச் சேர்த்துக் குறுக்குவழி கொடுக்கும், மின்னோட்டம் கருவிகளைத் தேடிப் போகாது. அதன் கம்பிகளை அரை மீட்டருக்குள் அடக்க வேண்டும். பெரிய எழுச்சியில் ஒரு மீட்டர் கம்பியே ஆயிரம் வோல்ட் அளவுக்குத் தடுத்து நிற்கும், காப்பான் இருந்தும் பயனில்லாமல் போகும். கடைகளில் வாங்கிய விலையுயர்ந்த காப்பானை எர்த்தே இல்லாத வீட்டில் மாட்டியிருப்பதை நிறையப் பார்க்கிறேன். எர்த் இல்லாமல் அந்த எழுச்சி எங்கே போகும்?

காப்புறுதி பற்றிச் சுருக்கமாக. அடிப்படைத் தீக் காப்புறுதியிலேயே மின்னல் அடங்கும். புயல்காற்றில் கூரை போனதற்கு வீட்டு உரிமையாளர் காப்புறுதி போன்ற விரிவான ஒன்று வேண்டும், உள்ளே இருக்கும் பொருள்களுக்குத் தனியாக இன்னொன்று. இவர்களுக்கு வங்கிக் கடன் இருந்தவரை வங்கியே தீக் காப்புறுதியைப் புதுப்பித்துவந்தது. கடன் முடிந்ததும் அதுவும் நின்றுவிட்டது, யாரும் கவனிக்கவில்லை. ஒரு வெள்ளிகூடத் திரும்பி வரவில்லை. கடன் கட்டி முடித்தவர்கள் இன்றே அந்தக் கோப்பை எடுத்துப் பாருங்கள்.

கடைசியில் ஏரியல். அம்மா அதை இறக்கியே தீர வேண்டும் என்றார். மகனும் கைப்பேசியில் அதையே சொன்னார். ஐயா என் முகத்தைப் பார்த்தார், எதுவும் கேட்கவில்லை.

நான் இறக்க வேண்டாம் என்றேன். ஓய்வு பெற்ற மனிதருக்கு இரவில் ஒரு வேலை இருப்பது வீட்டுக்கும் நல்லது. அவர் செய்த பிழை ஒன்றுதான்: ரேடியோவின் எர்த்தையும் வீட்டின் எர்த்தையும் தனித்தனியாக விட்டது. ஒரே வீட்டில் இரண்டு எர்த் இருந்தால் இரண்டையும் தடித்த கம்பியால் இணைத்தாக வேண்டும். அதைச் செய்தேன். ஏரியல் கம்பி உள்ளே நுழையும் இடத்தில், வெளிச்சுவரில், ஒரு கத்திச் சுவிட்சு மாட்டினோம். கேட்கும்போது ரேடியோப் பக்கம், மற்ற நேரமெல்லாம் எர்த்துப் பக்கம். அதோடு, கேட்டு முடித்ததும் ரேடியோவின் பிளக்கையும் பிடுங்கிவிட வேண்டும். ஏரியலின்மேலேயே மின்னல் விழுந்தால் இவை எதுவும் நிற்காது என்பதையும் மறைக்காமல் சொன்னேன். அதனால், இடி முழங்கும்போது அந்தச் சுவிட்சின் பக்கமே போகக் கூடாது, வானம் கருக்கும் முன்பே மாற்றிவிட வேண்டும் என்று அம்மா ஒரு நிபந்தனை போட்டார். ஐயா ஒத்துக்கொண்டார்.

ஃபிலிப்ஸ் பெட்டிக்கு வேறொரு பழைய பெட்டியிலிருந்து மின்மாற்றியை எடுத்துப் பொருத்தினார். ஏரியல் சுருளைத் தானே சுற்றினார், மூக்குக்கண்ணாடியின்மேல் இன்னொரு கண்ணாடி வைத்துக்கொண்டு, மூன்று இரவு. நவம்பர் கடைசியில் மாயக்கண் மறுபடியும் பச்சையாக எரிந்தது.

மாதத்துக்கு ஒருமுறை ஆர்சிசிபியின் சோதனைப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தேன். மின்கட்டணப் பில் வரும் நாளில் அழுத்துகிறார். டக்கென்ற சத்தத்தோடு வீடு முழுதும் அணைய வேண்டும், அணைந்தால் நலம். பில்லின் ஓரத்தில் தேதியை எழுதி ஒரு சரி போட்டு வைக்கிறார்.

டிசம்பரில் ஒரு மழை இரவு, ஒன்பது மணிக்குமேல் அவரிடமிருந்து அழைப்பு வந்தது.

"தம்பி, சுவிட்சு விழுந்துவிட்டது."

"மறுபடி தூக்கினீர்களா அம்மா?"

"இல்லை. எல்லாச் சின்னச் சுவிட்சையும் இறக்கிவிட்டு, நீங்கள் சொன்னபடி ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தேன். கேட்டுக்குப் போகிறதைத் தூக்கினால்தான் விழுகிறது. அதை மட்டும் இறக்கி வைத்துவிட்டேன். காலையில் வந்து பாருங்கள், இப்போது மழையில் வர வேண்டாம்."

காலையில் போய்க் கேட் மோட்டாரின் பெட்டியைத் திறந்தேன். அடியில் கம்பி நுழையும் துளையின் ரப்பர் கழன்றிருந்தது. உள்ளே ஈர மண்ணும் எறும்பு முட்டையுமாக ஒரு கைப்பிடி. துடைத்து, துளையை அடைத்து, மெக்கர் வைத்தேன். முள் நன்றாக ஏறியது. அம்மா பெட்டிக்கு அருகில் நின்று தாமே சுவிட்சைத் தூக்கினார்.